சோதனை நான்கு

அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது, பாடலுக்குமுன் அதன் கூற்றுக் குறிப்பைப் படிக்கச் சொல்வேன். யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதை அந்த ஒற்றை வரி சொல்லிவிடும். ஆண்டுதோறும் இதைச் சொல்லிவரும் நானே, நான் எழுதிய நிரலில் அதை மறந்துபோனேன்.

துறை மாணவர்களின் வருகையைக் கணக்கிட ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். விடை சரிதானா என்று தானே பார்த்துச் சொல்லும் சோதனைகளும் அதில் உண்டு. 'சோதனை 1' முதல் 'சோதனை 9' வரை. ஒருநாள் நிரலைச் செப்பனிட்டபின் நான்காவது தோற்றது. 78 வரவேண்டிய இடத்தில் 67 வந்தது. அந்த 78 எதைக் குறித்தது என்பது எழுதிய எனக்கே விளங்கவில்லை. சோதனைதான் பிழை என்று எண்ணி, 78ஐ 67 என மாற்றினேன். ஒன்பதும் தேறின.

பருவ இறுதியில், 75 விழுக்காடு வருகை இல்லாதோர் பட்டியலில் ஒரு மாணவியின் பெயர் இருந்தது. அவள் தேர்வெழுத முடியாது என்பது அதன் பொருள். வேலை நாள் 90. அவள் வகுப்பில் இருந்தது 60. தேசிய மாணவர் படை முகாமில் 10. ஓ.டி. நாள்களைச் சேர்க்கும் வரி, நான் செப்பனிட்டபோது விடுபட்டிருந்தது. முகாம் சான்றிதழோடு அவள் என்முன் வந்து நின்றபோதுதான், நான்காம் சோதனை என்னிடம் எதைச் சொல்ல முயன்றது என்பது புரிந்தது.

நடத்தைவழி நிரலாக்கத்தை விளக்கி டான் நார்த் 2006இல் எழுதிய கட்டுரை, சோதனையின் பெயர் ஒரு வாக்கியமாக இருக்கவேண்டும் என்கிறது. ஜாஸ்மின், மோக்கா போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் அதற்கென 'டிஸ்கிரைப்', 'இட்' என்னும் இரு சொற்களைத் தருகின்றன. முன்னதில் சூழலைச் சொல்லலாம். பின்னதில் அச்சூழலில் நிகழவேண்டியதை. மேற்கோள் குறிகளுக்குள் தமிழிலேயே எழுதலாம்.

இப்போது முன்னதில் 'மாணவர் முகாமுக்குச் சென்றிருந்தால்' என்றும், பின்னதில் 'அந்த நாள்களும் வருகையாகக் கொள்ளப்படும்' என்றும் எழுதியிருக்கிறேன். உள்ளேயுள்ள எண்களுக்கும் வகுப்பு நாள், முகாம் நாள், வேலை நாள் என்று பெயரிட்டேன். ஒரு சோதனையில் ஒரு நடத்தை மட்டுமே. தோற்றால் அந்த வாக்கியமே திரையில் சிவப்பாக நிற்கும். அதைப் படித்தபின் விடையைத் திருத்தக் கை துணியாது.

பட்டியல் திருத்தப்பட்டது, அவள் தேர்வெழுதினாள். என் பிழைதான் என்றேன். "பரவாயில்லைங்க ஐயா" என்றாள். மற்ற எட்டுச் சோதனைகளுக்கும் அன்றிரவே பெயர் வைத்தேன்.