ஒரு நாள் மீன்பாடு

சித்தூரில் பிறந்து திருப்பதியில் ஆய்வு செய்யும் எனக்குக் கடல் அந்நியம். 2022 ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் அமைந்தபோது, பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய தடா வட்டாரம் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. என் களப்பணியும் அங்கே நகர்ந்தது.

மீனவ அண்ணன் ஒருவர் தம் ஃபைபர் படகின் விரிசலுக்குத் துணி ஒட்டியிருந்தார். தேய்க்கும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். கண்ணாடி இழைத் துணியில் ரெசின் ஊறி இறுகியதே படகின் உடல். பாலியெஸ்டர் ரெசின் காற்றுப்பட்ட மேற்பரப்பில் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஆதலால் கடைசிப் பூச்சில் சிறிது மெழுகு சேர்ப்பர். அது இறுகியபின் முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு நீர்விட்டு மென்மையான தாள். தேய்க்க வேண்டியது அந்த மேற்பூச்சை மட்டுமே.

வழவழப்பில் மயங்கிய நான் இழைவரை இறங்கிவிட்டேன். துணியின் நெசவு வெளியே தெரிந்தது. அவர் சினக்கவில்லை.

“இழை அறுந்தா தண்ணி உள்ளே இறங்கிடும், தம்பி.”

மீண்டும் துணி ஒட்டினார். மறுநாள் படகு ஏரிக்குள் போகவில்லை. நான் நீட்டிய பணத்தையும் அவர் வாங்கவில்லை. இழைத்தூளின் அரிப்பு என் கைகளில் சில நாள்கள் நீடித்தது. முகக்கவசமின்றி அதை அன்றாடம் சுவாசிப்போரை எண்ணிக்கொண்டேன்.

களப்பணி என்ற பெயரில் பிறருடைய நாள்களை நாம் செலவிடுகிறோம். முறையியல் இயலில் அந்தக் கணக்கு வருவதில்லை. என் ஆய்வேட்டில் அந்த ஒரு நாளை எழுதிவைத்திருக்கிறேன்.