வெள்ளி நீர்வீழ்ச்சியருகே ஒரு வாயில்

வத்தலக்குண்டைக் கடந்து பழனி மலைத்தொடரில் ஏறும் வாகனங்கள், கொடைக்கானல் நகருக்குள் நுழையுமுன் வெள்ளி நீர்வீழ்ச்சியை அடுத்துள்ள சாவடியில் நின்றாக வேண்டும். மோட்டார் சாலை இல்லாத காலத்தில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து கால்நடையாகவும் டோலியிலும் மேலே சென்றார்கள். அன்று மலையே வாயிற்காவலன். ஏறத்தாழ 7,000 அடி ஏறும் வலிமையோ, சுமப்போருக்குக் கூலி தரும் வசதியோ அற்றவர் கீழேயே நின்றுவிட்டனர். இன்று அக்காவலைக் கைபேசி ஏற்றிருக்கிறது.

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் 2024 மே 7 முதல் இ-பாஸ் பெற வேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. உள்நாட்டார் கைபேசி எண்ணையும், அயல்நாட்டார் மின்னஞ்சல் முகவரியையும் தந்து விண்ணப்பிக்க வேண்டும். முதலாண்டில் கேட்டவர்க்கெல்லாம் அனுமதி கிடைத்தது. அது எண்ணிப் பார்க்கும் ஏற்பாடேயன்றித் தடுக்கும் ஏற்பாடன்று. அடுத்த ஆண்டில்தான், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்களும் வார இறுதியில் 6,000 வாகனங்களும் என வரம்பு வந்தது.

அக்கோடையில் பங்கு இளைஞர் சிலருடன் ஒரு வேனில் சென்றேன். வளைவுக்கு வளைவு வாகனங்கள் நின்றன. நெரிசலைத் தவிர்க்க வந்த சோதனையே நெரிசலுக்கு வித்திட்டது! எங்களுக்கு முன்னே நின்ற குடும்பத்தாரிடம் அனுமதி இல்லை; அங்கேயே விண்ணப்பிக்க முயன்றார்கள், கைபேசிக்கோ சமிக்ஞை எட்டவில்லை. திருப்பி அனுப்பவும் இடமில்லாத சாலை. மலை முழுவதும் ஏறவிட்டு, உச்சியில் தடுப்பதைவிட அடிவாரத்திலேயே தடுப்பதன்றோ முறை? காவலரைக் குறை கூறுவதற்கில்லை. கொட்டும் மழையிலும் அவர்கள் பொறுமையாகவே பேசினார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான நெகிழி நீர்ப் புட்டிகளுக்கும் மலையில் தடை உண்டு. எங்கள் வேனில் இருந்தவற்றை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முன்னே சென்ற சொகுசுக் காரின் பின்பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இத்தகைய குறை உலகெங்கும் உள்ளதே. 2006 ஆகஸ்டில் இலண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி வெளிப்பட்டபின், பன்னாட்டுப் பயணியர் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவக் குப்பிகளை எடுத்துச் செல்லத் தடை வந்தது. வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார், ஊறுகாய்ப் புட்டிக்கு விமான நிலையத்தில் நேர்ந்த கதியை நன்கறிவர்.

மலையில் மெய்யாகவே கவனம் வேண்டிய இடம் வேறொன்று. நகருக்கு அப்பால் சோலையை ஒட்டியுள்ள வட்டக்கானலில், இராணுவப் பணி முடித்த இஸ்ரயேல் இளைஞர் பலர் வந்து தங்குவது வழக்கம். 2016 அக்டோபரில் கேரளத்துக் கனகமலையில் கூடிய சிலரைத் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. வட்டக்கானலுக்கு வரும் யூதப் பயணியரைத் தாக்குவதும் அவர்களுடைய திட்டங்களுள் ஒன்று என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 2019 நவம்பரில் கொச்சித் தனி நீதிமன்றம் அறுவரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. அயல்நாட்டாரைத் தங்கவைப்போர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டுமென்பது சட்டம். உரிமம் பெற்ற விடுதிக்காரர் அதைச் செய்வார்; உரிமமின்றி வீட்டறையை வாடகைக்கு விடுபவர் தாமே முன்வந்து செய்வாரா? சாவடியில் எத்தனை புட்டிகளை எண்ணினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

நாம் இரண்டு நாள் குளிர்ச்சிக்குச் செல்கிறோம். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு பயிரிடுவோர்க்கு அதுவே ஊர். உள்ளூர் வாகனங்களுக்கு இ-பாஸிலிருந்து விலக்கு உண்டெனினும் சாலை ஒன்றே. நம் வரிசைக்கு நடுவேதான் அவர்களும் நிற்க வேண்டும். கடும் நோயாளியைத் தேனிக்கோ மதுரைக்கோ இறக்கவேண்டிய நேரத்தில், விலக்குச் சீட்டு வழியை அகலப்படுத்துவதில்லை.

ஆகஸ்டு 15-இல் சலேத் அன்னையின் திருவிழாவுக்குச் செல்ல எண்ணும் குடும்பங்கள் கவனிக்க: அரசுப் பேருந்தில் செல்வோர்க்கு இ-பாஸ் தேவையில்லை. வத்தலக்குண்டிலிருந்து பேருந்துகள் உண்டு. வீட்டுச் செம்பில் தண்ணீரும் கொண்டு செல்லலாம்.