அன்னத்தின் கால்

எங்கள் வீட்டு வாத்து நொண்டுகிறது என்று என் மனைவி இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை சொன்னபோது நான் ஒரு வாரத் தொடரின் பதினோராவது அத்தியாயத்தில் இருந்தேன். கதாநாயகியின் தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்; அவளைப் பிழைக்க வைப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியாத சமயம். "வாத்து என்றால் ஆடி ஆடித்தானே நடக்கும்?" என்று சொல்லிவிட்டுத் தலை நிமிராமல் எழுதினேன். இரண்டாம் தடவை பன்னிரண்டாவது அத்தியாயம். மூன்றாம் தடவை அவள் சொல்லவில்லை. வாத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மேஜைமேல் கிடந்த தாள்களின்மேல் மல்லாத்திப் பிடித்து, காலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வாத்தின் உள்ளங்காலை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. விரல்களுக்கு நடுவே ஈரத் தோல் மாதிரி மெல்லிய சவ்வு. மூன்று விரல்களும் சேருகிற இடத்தில் மெத்தென்று ஒரு திண்டு. அந்தத் திண்டு மொச்சைக்கொட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. நடுவில் கரித்துண்டு பதித்தது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு. விரலை வைத்தேன், சுட்டது.

"மூணு வாரமாச்சுங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

இந்த வாத்து வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துக்குச் சமீபத்தில், வயல்கள் வீட்டுக் கொல்லை வரைக்கும் வந்து நிற்கிற ஒரு சிற்றூர் எங்களுடையது. சம்பா அறுவடை முடிந்ததும் வாத்துக்காரர்கள் வருவார்கள். நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து, தாளடியில் சிதறின நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் மேயவிட்டு, ராத்திரி வலை கட்டி அடைத்துவிட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்கள். 2021 மாசியில் அப்படி வந்த ஒரு பெரியவரிடம் என் பெண் போய் நின்றாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயசு. "காவி நிறமா இருக்கிறது சந்நியாசி, கண்ணு. கீரிப்பிள்ளை நிறமா இருக்கிறது கீரி. உனக்கு எது வேணும்?" என்று கேட்டார் அவர். ஒரு சந்நியாசியும் ஒரு கீரியும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. சந்நியாசி, பெட்டை. அதற்கு என் பெண் 'அன்னம்' என்று பெயர் வைத்தாள். அன்னநடை, அன்னநடை என்று புலவர்கள் பாடிப் பாடி மாய்ந்துபோன பட்சிக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அவளுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண் வாத்துக்குச் சின்னான். வாலில் ஒரு இறகு சுருண்டு நிற்கும். குரல் மட்டும் ஜலதோஷம் பிடித்த மாதிரி கரகரவென்றிருக்கும். ஊரைக் கூட்டுகிற சத்தமெல்லாம் அன்னத்தினுடையதுதான்.

நிற்க. காலில் முண்டு இருக்கிற விஷயம் பக்கத்து வீடு வரைக்கும் போயிற்று. உடனே வைத்தியமும் வந்தது. "கட்டிதானே? மஞ்சளைக் குழைச்சுப் பத்துப் போட்டு, சாயங்காலமா ஒரு அழுத்து அழுத்துங்க, வந்துடும்" என்றார்கள். அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. வாத்து கத்தவுமில்லை. காகம் தலைக்குமேல் பறந்தாலே ஊரைக் கூட்டுகிற பிராணி, கழுத்தை என் முழங்கையின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தது, அவ்வளவுதான். தனக்கு வலிக்கிறது என்று காட்டிக்கொள்கிற பறவையைப் பருந்தும் நரியும் முதலில் தேர்ந்தெடுக்கும். அதனால் அவை காட்டிக்கொள்வதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது தெரியாது. வலிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு தரம் அழுத்தினேன்.

மறுநாள் இரண்டையும் கூடையில் வைத்து, ஸ்கூட்டரில் கட்டி, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். சின்னானுக்கு வியாதி ஒன்றுமில்லை. தனியாக விட்டால் அது சாப்பிடாது. மாடுகளும் ஆடுகளும் நின்ற வரிசையில் நாங்களும் நின்றோம். "என்ன விலைக்குத் தர்றீங்க?" என்று ஒருவர் விசாரித்தார். சிகிச்சைக்கு வந்திருக்கிறோம் என்றதும் அவர் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கவில்லை.

டாக்டர் ஒரு இளம்பெண். காலை ஒரு தரம் பார்த்துவிட்டு, காலைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "வீட்டில் தரை என்ன தரை, சார்?" என்றாள்.

"சிமெண்ட்."

"எப்போது போட்டீர்கள்?"

"போன வருஷம்."

அவள் தலையை ஆட்டினாள். நான் கூடையைப் பார்த்தேன்.

2023-ல் என்னுடைய ஒரு நாவல் இரண்டாம் பதிப்பு கண்டது. அதே வருஷம் மழையில் என் தாயார் கிணற்றடிச் சேற்றில் வழுக்கி விழுந்தாள். தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. கொல்லை முழுக்கச் சிமெண்ட் போடுவதென்று தீர்மானித்தேன். "நான் நடக்கிற பாதையில மட்டும் போடுடா. மத்ததை மண்ணா விட்டு வை" என்றாள் அம்மா. கொத்தனாரோ, "மிச்ச மூட்டையை வெச்சு என்ன சார் பண்றது?" என்றார். கொத்தனார் கட்சிதான் ஜெயித்தது. பளிங்கு மாதிரி இருக்கிறது என்று வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். அதன்மேல் இரண்டு வாத்துகள் நடந்ததை நான் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை.

வாத்தின் கால் தண்ணீருக்கும் சேற்றுக்கும் ஏற்பட்ட கால் என்றாள் டாக்டர். கெட்டித் தரையில் நாள் முழுக்க நடந்தால் திண்டு தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். எச்சமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கிருமி உள்ளே போவதற்கு அவ்வளவு போதும். துவைக்கிற கல்லின்மேல் ஏறி ஏறிக் குதிப்பதும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டுப் பழைய சோறும் சேர்ந்துகொண்டது. ஒன்றரைக் கிலோ இருக்கவேண்டிய அன்னம், தராசில் இரண்டைத் தாண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இந்த நோய்க்குப் பம்பிள்ஃபுட் என்று பெயர். பெரும்பாலும் காரணம் ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். முதல் சொல்லை 1882-ல் சூட்டியவர் ஆக்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து ரணவைத்தியர். நுண்ணோக்கியில் திராட்சைக் கொத்து மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயர். இரண்டாவது சொல்லுக்குப் பொன் என்று அர்த்தம். திராட்சையும் பொன்னும்! கதாபாத்திரங்களுக்குப் பெயர் வைக்கத் தவிக்கிற எனக்கு இது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"நேற்று அழுத்திப் பார்த்தேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

"பறவைக்குச் சீழ் நமக்கு மாதிரி தண்ணீராக ஓடாது, சார். அதைக் கரைக்கிற சத்து அவற்றின் ரத்தத்தில் இல்லை. கெட்டியாகிக் கொட்டை மாதிரி உறைந்துவிடும். அழுத்தினால் இன்னும் உள்ளேதான் போகும்" என்றாள்.

வெந்நீரில் பேதி உப்பைக் கரைத்து, கால் மணி நேரம் காலை ஊற வைத்தாள். பொருக்கு இளகினதும் அதை மெல்லத் தூக்கினாள். அடியிலிருந்து வேர்க்கடலைப் பருப்பைப் போல மஞ்சளாக ஒன்று, வேருடன் வந்தது. நான் பழைய துண்டால் அன்னத்தைச் சுற்றி, கண்ணையும் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தேன். துண்டுக்குள்ளே அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. எத்தனையோ பேரை ரயிலுக்கடியிலும் ஆற்றிலும் தள்ளின கை இது. அதற்கு அன்றைக்கு நிற்கத் தெரியவில்லை, நடுங்கிக்கொண்டேயிருந்தது. டாக்டரே, "சார், கொஞ்சம் ஆடாமல் பிடிங்க" என்று சொல்லும்படி ஆயிற்று.

குழியைக் கழுவி, அயோடின் மருந்து வைத்துக் கட்டினாள். தினம் ஒரு தரம் கட்டை மாற்றவேண்டும், குளத்தில் விடக்கூடாது, வைக்கோல் மெத்தையில் வைக்கவேண்டும், மூக்கும் கண்ணும் கழுவிக்கொள்ளத் தலை முங்குகிற அளவுக்கு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வேண்டும், மருந்து கொடுக்கிற நாட்களிலும் அதற்குப் பிறகு சில நாட்களுக்கும் முட்டையைத் தின்னக்கூடாது. முட்டைகளை அம்மா எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். ஆகவே கட்டுப்போடுகிற உத்தியோகம் எனக்கு வந்தது. முதல் நாள் நான் போட்ட கட்டு ஒரு மணி நேரம் நின்றது. இரண்டாம் நாள் இறுக்கிப் போட்டேன், விரல்கள் வீங்கின. மூன்றாம் நாள் என் பெண், "எட்டு மாதிரி சுத்தணும்ப்பா, பாதத்தைச் சுத்தி, கணுக்காலைச் சுத்தி" என்று காட்டிக்கொடுத்தாள். நான்காம் நாள் நான் திரும்புவதற்குள் அன்னம் பேதி உப்புத் தண்ணீரை ஆசையாகக் குடித்துவிட்டது. அந்த உப்புக்கு அப்படிப் பெயர் வந்த காரணத்தை அன்று சாயங்காலம் வரைக்கும் நானே துடைத்துத் தெரிந்துகொண்டேன்.

பதினாலாவது அத்தியாயத்தில், நர்ஸ் வந்து கட்டை அவிழ்த்துக் கட்டினாள் என்று ஐந்தே வார்த்தையில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு முக்கால் பக்கம் எழுதினேன். பழைய துணி ரணத்தில் ஒட்டிக்கொள்வது, ஈரம் விட்டு அது இளகுகிற வரைக்கும் காத்திருப்பது, எல்லாம். பத்திரிகை ஆசிரியர் இடமில்லை என்று அந்த முக்கால் பக்கத்தை வெட்டிவிட்டு ஐந்து வார்த்தையைப் போட்டார்.

பத்தாம் நாள் கால் மறுபடியும் வீங்கிற்று. கூடை, ஸ்கூட்டர், வரிசை. டாக்டர் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். கிருமி எலும்புக்குப் போயிருந்தால் வதைக்காமல் கண்மூடச் செய்வதுதான் நல்லது என்றாள். ஐந்து நாள் ஊசி போட்டுப் பார்ப்பதென்று தீர்மானமாயிற்று. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொல்லைக் கதவைத் திறந்தேன். அம்மா அங்கே வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வைக்கோலில் அன்னம் கட்டுப்போட்ட காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது. சின்னான் அதன்மேல் சாய்ந்தாற்போல உட்கார்ந்திருந்தது. நிலா வெளிச்சத்தில் சிமெண்ட் தரை பளபளத்தது. 'நான் அப்போதே சொன்னேனே' என்று அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். "பனி பெய்யுது, உள்ளே போடா" என்றாள்.

மூன்றாம் ஊசிக்குப் பிறகு வீக்கம் வடிந்தது. ரணம் ஆறுவதற்கு மேலும் நாலு வாரம் ஆயிற்று.

அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். அம்மா நடக்கிற பாதையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பெயர்க்கவேண்டும் என்றேன். அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சற்று நேரம் நின்றார். "போட்டதுக்கும் கூலி வாங்கினேன், பேக்கிறதுக்கும் கூலி தர்றீங்க. கதை எழுதறவங்க வீட்டிலதான் சார் இந்த வேலையெல்லாம் கிடைக்கும்" என்றார். அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பாதையில் நடக்கிறாள். இரண்டு பக்கமும் சேறு.

அன்னத்தின் உள்ளங்காலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. பனிக்காலத்து விடியற்காலையில் அந்தக் காலை மட்டும் சற்றுத் தாமதித்து ஊன்றும். இன்று காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்; துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டு கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. குதிக்கப்போகிறது என்று பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் அது குதித்துச் சேற்றில் பாதி தூரம் போய்விட்டது.