ரஜாய், சாம்பு, கொஞ்சம் சர்க்குலர்

நாலு நாளாச்சு சூரியனைப் பார்த்து. பால்கனிக் கதவைத் திறந்தால் எதிர் பிளாட்டின் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் எதிர் பிளாட்டே தெரியவில்லை. கீழே வண்டிக்காரர் "மட்டர்... மட்டர்..." என்று பச்சைப் பட்டாணி விற்கிற குரல் மட்டும் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருகிறது. குரலை நம்பி பையை எடுத்துக்கொண்டு இறங்கவேண்டும். லக்னோவில் ஜனவரி மாத இரண்டாம் சனிக்கிழமை என்றால் இப்படித்தான்.

திருச்சியிலிருந்து அம்மா போன் செய்தார். "ஊட்டி மாதிரி ஜில்லுனு இருக்குமேடா, குடுத்து வெச்சவன்டா நீ." வடக்கே குப்பை கொட்டுகிற எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். ஊட்டிக்கு நாம் போவது ஸ்வெட்டர் போட்டு போட்டோ எடுத்துக்கொள்ள. இங்கே வீடுகளைக் கட்டியிருப்பதோ மே மாத வெயிலை மனசில் வைத்து. மொசைக் தரை, எந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. வெளியே பதிமூணு டிகிரி என்றால் உள்ளே அதைவிடக் குறைவோ என்று சந்தேகம் வரும். பகல் வெப்பம் வழக்கத்தைவிட நாலரை டிகிரிக்கு மேல் குறைந்தால் அதற்குக் 'குளிர் நாள்' என்று வானிலைத் துறை தனியாகப் பெயரே வைத்திருக்கிறது. ராத்திரிக் குளிரை ரஜாய்க்குள் புகுந்து சமாளித்துவிடலாம். இந்தப் பகல் குளிர்தான் ஆளைச் சோர்வாக்கிவிடும். காலை பத்து மணியும் மாலை நாலு மணியும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தால் மனுஷன் என்ன செய்வான்?

வெள்ளிக்கிழமை ராத்திரி தங்கமணி அரைத்து வைத்த இட்லி மாவு சனிக்கிழமை மத்தியானம் வரை அசையவில்லை. ஊரில் இந்நேரம் பொங்கி வழிந்து மேடையெல்லாம் நாசமாகியிருக்கும். பாத்திரத்துக்குப் பழைய ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் கம்பளி சுற்றி, கட்டிலில் நடுநாயகமாகப் படுக்க வைத்தாயிற்று. தேங்காய் எண்ணெய் பாட்டில் கீசர் மேல் உட்கார்ந்திருக்கிறது. குளியல் அவரவர் விருப்பம் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். இட்லி இல்லாததால் தெஹ்ரி. பக்கத்து வீட்டு ஆண்ட்டி சொல்லிக்கொடுத்தது. அரிசி, பட்டாணி, உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், மஞ்சள் எல்லாம் போட்டுச் செய்கிற, நம் வெஜிடபிள் பிரியாணியின் ஒன்றுவிட்ட தம்பி. தொட்டுக்கொள்ள ஊரிலிருந்து வந்த மாவடு. காம்பினேஷன் பிரமாதம், நம்பிச் செய்து பாருங்கள்.

இந்த இரண்டு நாட்களுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தேன். 2015 செப்டம்பரிலிருந்து பேங்க்காரர்களுக்கு இரண்டாம், நாலாம் சனிக்கிழமைகள் முழு விடுமுறை. (மற்ற சனிக்கிழமைகள் முழு வேலை. இதை யாரும் கவனிப்பதில்லை, "உங்களுக்கென்ன சார் எப்பப் பாத்தாலும் லீவு"தான்.) வியாழக்கிழமை எனக்கு ப்ரமோஷன் இன்டர்வியூ. எழுத்துத் தேர்வு எப்படியோ தாண்டிவிட்டேன். ரிசர்வ் பேங்க் சர்க்குலர்கள், வராக்கடன் விதிகள், முன்னுரிமைக் கடன் சமாச்சாரம் எல்லாம் நூற்றுச் சொச்சம் பக்கம் பிரின்ட் எடுத்து வந்தாயிற்று. பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு போர்டு பரீட்சை அடுத்த மாதம். அப்பாவும் பெண்ணும் எதிரெதிராக உட்கார்ந்து படிப்பதாக ஒப்பந்தம். நடுவில் ஹீட்டர், நிலக்கடலை, கஜக்.

தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அது வராக்கடன். இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். அதையே மூன்றாம் தடவை படித்தபோது கண் சொக்கிவிட்டது. பேனா தேட எழுந்தவன் பரண் பெட்டியைத் திறந்தேன். பேனாவுக்கும் பரணுக்கும் என்ன சம்பந்தம் என்று தங்கமணியும் கேட்டாள்.

பெட்டியில் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரிலும் "இந்தக் குப்பையை இங்கயே போட்டுடலாமா?" என்ற கேள்வியில் தப்பிப் பிழைத்தவை. ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல்கள் ஒரு கட்டு, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபா, கணேஷ் - வசந்த் நாலைந்து. பி.காம். படிக்கும்போது வாடகை நூல்நிலையத்தில் எடுத்துத் தின்று தீர்த்த சரக்கு. அட்வான்ஸ்டு அக்கவுண்டன்சி புத்தகத்துக்குள் பாக்கெட் நாவல் கச்சிதமாக உட்காரும், ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரியாது. அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் மாணவர் நலன் கருதித்தான் அந்த சைஸில் போட்டிருக்கவேண்டும்.

குளிர்காலத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. 'லைட் ரீடிங்' என்றால் உண்மையிலேயே எடை குறைந்த புத்தகம்தான். ரஜாய்க்கு வெளியே ஒரு கைதான் நீட்டலாம். அது விறைத்ததும் உள்ளே இழுத்துக்கொண்டு மற்றதை அனுப்பவேண்டும். அந்தக் கையில் பொன்னியின் செல்வனைப் பிடிக்க முடியாது. ராஜேஷ்குமாரைப் பிடிக்கலாம். ஆயிரத்தைந்நூறு நாவலுக்கு மேல் எழுதியவர். இலக்கியவாதிகள் என்ன சொன்னாலும் சரி, முதல் பக்கத்தில் விழுந்த பிணம் மூணு மணி நேரத்துக்குக் குளிரை மறக்கடித்துவிட்டது.

பெட்டியின் அடியில் இருந்தது அப்பாவின் 'துப்பறியும் சாம்பு'. அப்பா அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. கதைப் புஸ்தகம் படித்தால் உருப்படமாட்டாய் என்கிற கட்சி. ஆனால் காய்ச்சல் என்று படுத்தால் மட்டும் தலைமாட்டில் சாம்பு வந்துவிடும். "இது கதையில்லடா, கஷாயம்" என்பார். தேவனின் இந்த சாம்பு யாரென்று நினைக்கிறீர்கள்? நாற்பது வயசு, அசடு என்று பேர் வாங்கிய பேங்க் குமாஸ்தா. எதையோ செய்யப் போய் எதிலோ முட்டிக்கொள்வார், அங்கே திருடன் மாட்டுவான், மாலை சாம்புவுக்கு. எங்கள் சாதிக்காரர்! தேவன் இதை விகடனில் எழுத ஆரம்பித்தது 1942-ல், யுத்த காலத்தில். சிரிக்க வைத்தவர் நாற்பத்து மூணு வயசில் 1957-ல் போய்விட்டார். இப்போது எனக்கு அதைவிட மூணு கூட.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பி.ஜி. வுட்ஹவுஸ் லண்டனில் இரண்டு வருஷம், 1900 முதல் 1902 வரை, பேங்கில் வேலை பார்த்தவர். ஓ.ஹென்றி டெக்சாஸில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர். கணக்கு இடித்தது, கையாடல் வழக்கு. ஆள் ஹோண்டுராஸுக்கு ஓடி, மனைவி சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்து திரும்பி வந்து, 1898-ல் தண்டனை பெற்று ஜெயிலுக்குப் போனார். உள்ளேயிருந்து கதை எழுதி விற்றார், வெளியே வளர்ந்துகொண்டிருந்த மகளின் செலவுக்காக. நாம் லேசாகப் படிக்கிற கதைகளை எழுதினவர்கள் லேசாக ஒன்றும் இருக்கவில்லை. சாயங்காலம் கேஷ் டேலியாகாமல் வியர்த்து நின்ற அனுபவம் உள்ளவன் என்பதால் ஓ.ஹென்றி மேல் எனக்குத் தனிப் பிரியம்.

நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பெண் எழுந்து வந்தாள். "என்னப்பா, ஜோக்கா? படிச்சுக் காட்டுங்க."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும். என் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும். இந்தி கலந்து, ஆனாலும் வரும். படிக்க வராது. கற்றுத்தர நாலு முறை ஆரம்பித்தேன். 'ஆத்திசூடி' சார்ட் நாலு ஊர்ச் சுவரில் தொங்கியது. மார்ச் மாத வருஷ முடிவுக் கணக்கு வரும், ஆடிட் வரும், டிரான்ஸ்ஃபர் வரும். தப்பு அவளுடையது இல்லை.

ரஜாய்க்குள் மூணு பேரும் புகுந்துகொண்டோம். மாவுப் பாத்திரத்தைக் காலருகே நகர்த்திவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். எண்பது வருஷத்துக்கு முந்தின நடை, கல்யாணி கவரிங் மாதிரி எல்லாம் தெரியாத உலகம், இரண்டு பக்கத்தில் ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். குமாஸ்தா என்ற வார்த்தை வந்ததும் நிறுத்தினாள்.

"கோமஸ்தாவா? அது என் ஹிஸ்டரி புக்ல இருக்கு. கம்பெனிக்காரன் நெசவாளிகளை மேய்க்க வெச்ச ஆள். ரொம்ப மிரட்டுவான்."

"நம்ம சாம்பு மிரட்டமாட்டார்மா, கிளார்க்."

அப்புறம் விளையாட்டு சூடுபிடித்தது. கதையை விட்டுவிட்டு அந்தக் காலத்து வார்த்தைகளாக எடுத்துப் போட்டேன். ஜேபி என்றேன். "ஜேப்! பாக்கெட்!" சால்ஜாப்பு என்றேன். கொஞ்சம் யோசித்து, "சவால் ஜவாப்?" அதேதான், கேள்வி பதில் எப்படியோ சாக்குப்போக்காகிவிட்டது. வாரிசு, நகல், ரத்து, ரசீது எல்லாம் டக் டக்கென்று சொன்னாள். தங்கமணிக்கு சால்ஜாப்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை. (தினமும் என்னிடம் கேட்கிறாள், பெயர்தான் தெரியவில்லை.) ஆற்காட்டு நவாபுகளின் பாரசீகக் கச்சேரியிலும் கம்பெனி ரெவின்யூ ஆபீசிலும் புழங்கித் தமிழுக்குள் வந்து தங்கிவிட்ட சொற்கள். எங்கள் அப்பா தலைமுறை சர்வசாதாரணமாகப் பேசியது. நாங்கள் மெட்ராஸ் இங்கிலீஷுக்கு மாறி மறந்துவிட்டோம். லக்னோவில் வளர்கிற ஒருத்திக்கு அவள் அப்பாவின் தமிழைவிடத் தாத்தாவின் தமிழ் பக்கத்தில் இருக்கிறது. இருபது வருஷ வடக்கு வாசத்தில் இதை நான் யோசித்ததே இல்லை.

"ஜாகைன்னா?"

"நீயே சொல்லு."

"ஜகஹ். இடம்."

"கிட்டத்தட்ட. தமிழ்ல குடியிருக்கிற இடம். வீடு மாத்தினா 'ஜாகை மாறிட்டாங்க'ன்னு சொல்வாங்க."

விரல் விட்டு எண்ணினாள். "நாக்பூர், ராய்ப்பூர், வதோதரா, கான்பூர், லக்னோ. அஞ்சு ஜாகை. உங்களுக்கு ப்ரமோஷன் வந்தா ஆறு. இல்லியா?"

தங்கமணி மாவுப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள், இப்போதுதான் பார்க்கவேண்டும் என்பது போல.

இந்தப் பேச்சைத்தான் ஒரு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். ப்ரமோஷன் வந்தால் இடமாற்றம் நிச்சயம். பதினொன்றாம் வகுப்பில் புது ஸ்கூல், புது ஊர். அல்லது அவர்கள் இரண்டு பேரையும் இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் எங்காவது ஒற்றை அறையில் குக்கர் வைக்கவேண்டும். தெற்கே கேட்டுப் பார்க்கலாம், அம்மாவுக்கும் வயசாகிறது. ஆனால் தெற்கே போனால் அங்கே கடைப் பலகையை எழுத்துக்கூட்டத் தெரியாத பெண்ணாக நிற்பாள். வேண்டாமென்று சொன்னால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது, நமக்குப் பின்னால் வந்தவனுக்குக் கீழே உட்காரவேண்டும். இதெல்லாம் உங்களில் பாதிப் பேர் வீட்டில் நடந்த கதைதான்.

"இன்னும் இன்டர்வியூவே ஆகலடா" என்றேன்.

"சால்ஜாப்பு" என்றாள்.

பதில் சொல்ல ஒன்றுமில்லை. தங்கமணிதான் சிரித்தாள் முதலில். நாங்கள் மூணு பேரும் பேசினோம், ராத்திரி பதினொண்ணரை வரைக்கும். முடிவு என்று பெரிதாக ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் இரண்டு வருஷம் இந்த ஸ்கூலிலேயே இருக்க ஆசை என்று அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "அதுக்காக நீங்க இன்டர்வியூல வேணும்னே ஃபெயிலாக வேண்டாம், நல்லா இருக்காது" என்றும் சொன்னாள். இன்டர்வியூவுக்குப் போவது, வந்தால் நான் தனியாகப் போவதுபற்றி அப்புறம் பார்த்துக்கொள்வது. அதுவரைக்கும்தான் வந்து நிற்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மாவு ஒருவழியாக அரை அங்குலம் எழும்பியது. இட்லி கல் மாதிரிதான், இருந்தாலும் இட்லி. மத்தியானம் இன்னும் மூணு சாம்பு வாசித்தேன். நாலாவதில் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, தலைப்பில் விரலை வைத்து "இது 'சா'வா? அப்ப இது 'ம்'" என்று கண்டுபிடித்தாள். அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு பக்கம் பூராவும் சாம்பு எங்கெல்லாம் வருகிறார் என்று பென்சிலால் வட்டம் போட்டாள். அப்பாவின் புத்தகத்தில் நான் ஒரு கோடு கிழித்தாலே முதுகில் விழும். நான் ஒன்றும் சொல்லவில்லை. போர்டு பரீட்சை முடியும்வரை தினம் இரண்டு எழுத்துக்கு மேல் கிடையாது என்று தங்கமணி உத்தரவு.

ஆறு மணிக்கே இருட்டு. இன்னும் பனி விலகவில்லை. சர்க்குலரில் நாற்பத்து ரெண்டு பக்கம் பாக்கி. பாக்கி என்பதும் அவள் லிஸ்டில் சேர்ந்துவிட்டது.