வாய்மொழிப் பரீட்சை

எழுத்துப் பரீட்சைக்கு அஞ்சாத மாணாக்கருங்கூட வாய்மொழிப் பரீட்சை என்றவுடன் முகம் வாடுவர். எழுத்திலே பிழை நேர்ந்தால் அடித்துத் திருத்தலாம். வாயினின்று புறப்பட்ட சொல்லை யாரால் மீட்க இயலும்? மூன்றாண்டுகட்கு முன்னர்ப் பள்ளியிறுதி வகுப்பில் ஸ்பானிஷ் பாஷையிலே அத்தகைய பரீட்சை யொன்றுக்கு நாங்கள் மூவர் ஆயத்தமான வரலாற்றை இங்கு எழுத முற்பட்டோம். பாளையங்கோட்டையில் ஸ்பானிஷா என்று வாசிக்கும் நண்பர்கள் நகைக்கலாம். எங்கள் வீட்டாரும் அன்று நகைக்கவே செய்தனர்.

எங்கள் உபாத்தியாயர் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். கப்பலில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துத் தென் அமெரிக்கத் துறைமுகங்களிலே அப்பாஷையைக் கற்றவர். இலக்கணத்தைவிட உப்புக் காற்றே அவர் பேச்சில் மிகுதி. நாங்களோ முதல் இரண்டு மாதங்கள் ஸ்பானிஷை ஆங்கிலத்தின் வழியே கற்க முயன்று இடர்ப்பட்டோம். ஒருநாள் அவர் பொறுமையிழந்து, "ஏன் தம்பிமாரே, பக்கத்து வீட்டுக்குப் போக லண்டன் வழியாகவா போவீர்கள்? தமிழில் நினைத்துப் பாருங்கள்" என்றார்.

நினைத்துப் பார்த்தோம். 'மே குஸ்தா' என்பதை ஆங்கிலத்தில் பெயர்த்தால் எழுவாய் தலைகீழாகிறது; தமிழிலோ 'எனக்குப் பிடிக்கும்' என்று அப்படியே நான்காம் வேற்றுமையில் வந்து அமர்கிறது. 'இருத்தல்' என்பதற்கு அவர்களிடம் இரண்டு வினைகள் உள. 'நான் மாணவன்' என்னுமிடத்துச் 'சோய்' என்பர். 'நான் வீட்டில் இருக்கிறேன்' என்னுமிடத்து 'எஸ்தோய்' என்பர். முன்னதில் நாம் வினையே சேர்ப்பதில்லை, பின்னதில் சேர்க்கிறோம் என்பதை ஓர்ந்தபோது பாதிக் குழப்பம் அகன்றது. (எல்லா இடத்தும் இவ்விதி செல்லாது என்பதைப் பின்னர் மதிப்பெண் இழந்து அறிந்தோம்.) 'பெரோ' என்றால் 'ஆனால்', வல்லின றகரம் போல அழுத்திப் 'பெறோ' என்றால் நாய். ரகர றகர பேதம் ஊட்டி வளர்த்த தமிழாசிரியரை அன்று நன்றியுடன் நினைத்துக்கொண்டோம்.

மாலைதோறும் சுலோசன முதலியார் பாலத்தின்மீது நடந்தவாறே ஒருவரை யொருவர் வினவுவோம். எங்களுள் ஒருவன் மணப்பாட்டைச் சேர்ந்தவன். குழந்தைப் பருவம் முதலே அவனுக்குத் திக்குவாய். கப்பல் வேலைக்குச் செல்லவேண்டும் என்பது அவன் ஆசை; இப்பரீட்சையில் தேறினால் அதற்கு வழி தேடித் தருவதாக உபாத்தியாயர் வாக்களித்திருந்தார். எங்கள் மூவரிலும் பாடத்தை அதிகமாக மனப்பாடம் செய்தவன் அவனே. மனப்பாடத்தை ஒப்பிக்கும்போது அவன் நா ஓரிடத்தும் தடைப்படுவதில்லை; ஒரு சிறு கேள்வி கேட்டால் மட்டும் பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவான். 'நான் நினைக்கிறேன்' என்பதற்குரிய 'க்ரேயோ' அவனுக்கு வாராது. மெய்யும் மெய்யும் மோதும் இடத்திலே நா நின்றுவிடும். ஆகவே எளிதாய் வந்த 'கியேரோ' என்பதைச் சொல்லித் தப்புவான். அதன் பொருளோ 'எனக்கு வேண்டும்' என்பது. "இன்று மழை வருமா?" என்றால், "எனக்கு மழை வேண்டும்" என்பதுபோல் விடை வரும். நாங்கள் இருவரும் நகைத்தோம். அது தகாத செயல் என்று இப்போது உணர்கிறோம்.

உபாத்தியாயர் நகைக்கவில்லை. "உன் ஊர்க் குகையில் தங்கியதாகச் சொல்கிறார்களே, அந்தச் சவேரியாரும் இதே சொல்லில்தான் இடறினார்" என்று தொடங்கினார். சவேரியார் 1506-ல் இன்றைய ஸ்பெயின் நாட்டு நவார் பிரதேசத்திலே பிறந்தவர். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியார். இரு பாஷையும் தெரிந்தவர்களைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை நெட்டுருச் செய்து, மணி அடித்துக்கொண்டு ஊரூராய்ச் சென்று ஒப்பித்தார். ஒப்பித்தலுக்கு அப்பால் யாரேனும் ஒன்று கேட்டால் துபாஷியையே நாடவேண்டும். துபாஷி இல்லாது தாம் படும் பாட்டை 1544-ல் தம் துணைவர்க்குக் கடிதத்திலே தெரிவித்துமிருக்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று அமைந்துவிட்டது. ஈராண்டு ஒப்பித்த பிறகே பிழை புலப்பட, அவ்வாண்டின் இறுதியில் அதைத் திருத்துமாறு எழுதினார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அடிகளோ இலக்கணம் வகுத்துத் தமிழையே கற்றார். 1578-ல் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று.

நண்பன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் மனப்பாடக் குறிப்பேட்டை வீட்டிலே வைத்துவிட்டு வந்தான்.

பரீட்சை நாளன்று வெளியூரிலிருந்து ஓர் அம்மையார் தேர்வாளராக வந்திருந்தார். நாங்கள் இருவரும் முடித்து வெளியே நின்றோம். உள்ளே நண்பன் தன் பெயரும் ஊரும் சொல்வது கேட்டது. பின்பு அம்மையார் தாமிரபரணியைப் பற்றி ஏதோ வினவினார். கோடையிலும் அதில் நீர் ஓடுமா என்பதே கேள்வி என்று ஊகித்தோம். மௌனம். சுவர்க் கடிகாரத்தின் ஒலி எங்களுக்குக் கேட்டது. விடை தெரியாமல் அல்ல. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலிலே கடலில் கலக்கும் அந்நதி இரு பருவ மழையும் பெறுவது என்பதை அவன் அறிவான். 'கியேரோ' என்று சொல்லித் தப்பிவிடு என்று ஒருவர் மனத்துள் வேண்ட, மற்றவர் கண்களை மூடிக்கொண்டார். க், க், என்று இரண்டு முறை கேட்டது. மூன்றாம் முறை, "க்ரேயோ கே ஸி" என்று முழுதாய் வந்தது. தொடர்ந்து பிழை மலிந்த நாலைந்து வாக்கியங்கள் வந்தன. 'சோய்' வரவேண்டிய இடத்தில் 'எஸ்தோய்' வந்தது. அம்மையார் ஒன்றையும் திருத்தவில்லை.

நாற்பதுக்கு இருபத்துமூன்று பெற்றுத் தேறினான். எங்கள் இருவருக்கும் அதைவிட மிகுதியே. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அவனுக்குப் பெருங்குறை: மணப்பாட்டுக் கோயிலைப் பற்றி ஒரு பக்கம் நெட்டுருச் செய்து வைத்திருந்தானாம், அந்த அம்மாள் அதைக் கேட்கவே இல்லையாம்.