உதகைப் புல்வெளியில் ஒரு பந்தயம்

கோலால் அடித்து ஆடும் ஆட்டங்களில் எனக்குப் பழக்கமானது, தென்னேரி ஏரிக்கரையில் ஆடிய கிட்டிப்புள் ஒன்றுதான். ஆகவே, கல்லூரித் தோழர் மூவர் உதகமண்டலத்தில் கோல்ப் பந்தயம் வைத்திருப்பதாகவும், நான் கணக்கெழுத வரவேண்டுமென்றும் தெரிவித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாத்தியாருக்கு வேறென்ன தெரியும் என்று நினைத்தார்கள் போலும்!

சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். 1908-ம் ஆண்டில் உதகையை எட்டிய பாதை இது. 46 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! கல்லாறு தாண்டியதும் வண்டி பற்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. அவசரக்காரர்கள் பஸ்ஸில் போகலாம்.

மறுநாள் வென்லாக் புல்வெளியில் ஆட்டம். 1891 முதல் 1896 வரை சென்னைக் கவர்னராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த மலைப் புல்வெளிகளில் துரைமார் பந்தடித்தார்கள். சீமையிலிருந்து வந்த கார்ஸ் என்னும் முட்புதர் இன்றும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறது. துரைமார் போய்விட்டார்கள், முள் போகவில்லை.

குழிகள் பதினெட்டு. ஒவ்வொன்றும் நாலேகால் அங்குல அகலம். ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமாகையால் காற்று லேசு. பந்து சமவெளியைவிடத் தூரம் பறக்கிறது, புதருக்குள்ளும்தான்! கைதேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் சமமாக மோத, திறமைக்குத் தக்கபடி சில அடிகளைக் கழித்துக் கொடுக்கிறார்கள். பிறகு குழிக்குக் குழி புள்ளி. டாக்டர் ஸ்டேபிள்போர்டு என்பவர் வகுத்து, 1932-ல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த முறையாம். ஒரு குழியில் எத்தனை அடி அடித்துத் திண்டாடினாலும், அந்தக் குழிப் புள்ளியோடு நஷ்டம் தீர்ந்தது. கணக்கெழுதுபவனுக்கு இதைவிட சௌகரியம் ஏது?

எங்கள் பந்தயத்துக்குக் கோப்பை கிடையாது. வென்றவருக்கு மற்றவர்கள் இராச் சாப்பாடு போடவேண்டும். டாக்டர் நண்பர் இரண்டு வருஷமாகத் தோற்றவர். இம்முறை அவரே ஜயிக்கவேண்டுமென்று என் மனம் ரகசியமாக விரும்பியது.

பதினேழாவது குழிக்குப் போகும் வழியில் அவருடைய பந்து உயர்ந்த புல்லில் கிடந்தது. அதை ஒட்டிக் கிடந்த யூகலிப்டஸ் சுள்ளியை எடுத்தார். சற்று நின்றார்.

"பந்து அசைந்துவிட்டது. ஓர் அடி அபராதம், எழுதும்" என்றார்.

"நான் பார்க்கவில்லையே!" என்றேன். பை சுமந்து வந்த இளைஞனும் பார்க்கவில்லை.

"உம்முடைய கண்ணாடிக்குத் தெரியவில்லை. என் கண்ணாடிக்குத் தெரிந்ததே! எழுதும், வாத்தியாரே."

இருபது வருஷமாகப் பரீட்சை மண்டபங்களில் பையன்களின் முதுகுக்குப் பின்னால் உலாவுவது என் உத்தியோகம். இந்த ஆட்டத்தில் அப்படி உலாவ ஆளில்லை. 1925-ல் அமெரிக்கச் சாம்பியன் பந்தயத்தில் பாபி ஜோன்ஸும் இப்படித் தம்மீதே ஓர் அடி சுமத்திக்கொண்டாராம்; அதனால் ஆட்டம் சமநிலையாகி, மறு ஆட்டத்தில் தோற்றார். மூன்று புள்ளி எழுதவேண்டிய இடத்தில் இரண்டு எழுதினேன். பென்சில் சுலபமாக ஓடவில்லை.

கடைசியில் வக்கீல் நண்பருக்கு 33, டாக்டருக்கு 32.

பையை இறக்கி வைத்த இளைஞனுக்கு, டில்லி மைதானத்தில் இப்படிப் பை சுமந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற கதையை டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். இரவு சாப்பாட்டில் வக்கீல் இரண்டாம் முறை பாயசம் கேட்டார். "மூன்றாவது தடவையும் கேளும், நான்தானே கொடுக்கப் போகிறேன்!" என்று டாக்டர் பணப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.