விரலில் உயிர் இல்லையா?

சிதம்பரத்திலிருந்து வந்த அம்மா, கடலூர் வீட்டு அடுப்படியில் பால் பாத்திரத்தை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தார். இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடியை அழுத்துகிறார், குத்துகிறார், அது அசையவில்லை. "ஏண்டா, என் விரல்ல உயிர் இல்லையா?" என்றார். ஏழு வயது மகள் ஸ்டூலில் ஏறி, "இப்படி, ஆயா" என்று லேசாகத் தொட்டாள். 'பீப்' என்றது அடுப்பு. அந்தச் சத்தம் அம்மா காதில் விழவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு திக்கென்றது. கொதிக்கும் பாலை நம்பி ஒப்படைக்கக்கூடிய கைக்கு அடுப்பு மசியவில்லை. கிட்டவே வரக்கூடாத கை தொட்டதும் எரிகிறது. சைல்டு லாக் போட்டுப் பார்த்தேன். மூன்று விநாடி விரலை வைத்தால் திறக்கும் என்பது மகளுக்குத் தெரிந்திருந்தது. பூட்டப்பட்டது அம்மாதான்.

தொடுபலகைக்கு அழுத்தம் தெரியாது. விரலின் மின்தன்மை மட்டுமே தெரியும். வயதாகி உலர்ந்த தோல் சில சமயம் அதற்கு எட்டுவதில்லை. காதும் முதலில் இழப்பது கீச்சென்ற ஒலிகளைத்தான்.

நெய்வேலியில் 1962-ல் மின் உற்பத்தி தொடங்கியபோது அம்மாவுக்குப் பத்து வயது. கருப்பு சுவிட்ச் 'டக்'கென்று விழுவதைக் கேட்டே பழகியவர். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த இலவச மிக்ஸியை ஓட்ட அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குமிழ் ஒன்றில் நிற்கிறதா மூன்றில் நிற்கிறதா என்பது இருட்டிலும் கைக்குத் தெரிந்துவிடும். புது மருமகளுக்கு ஒரு மாடல், கிழவிக்கு ஒரு மாடல் என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

பிள்ளைகளுக்கான காவலும் அப்படி அமைய முடியும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருக்கும். அதுதான் முதலில் நுழைந்து, தடுப்பு வைத்த சில பிளக் பாயிண்டுகளில் மற்ற இரு துளைகளின் மூடியை விலக்குகிறது. பிள்ளை ஹேர்பின்னை ஒரு துளையில் மட்டும் செருகப் பார்த்தால் மூடி வழிவிடாது. ஆயாவோ எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வழக்கம்போல் செருகினால் போதும்.

அடுப்புக்கு அம்மாவே வழி கண்டார். மருமகளின் வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து ஆன் பொத்தானுக்கு ஓரமாக ஒட்டினார். விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு, பொட்டைத் தடவி, பக்கத்தில் வைத்தார். பால் பொங்கியது.

அவர் சிதம்பரம் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. பொட்டை நான் பிய்க்கவில்லை. காலையில் மூக்குக்கண்ணாடியைத் தேடாமல் அதைத் தடவித்தான் அடுப்பைப் போடுகிறேன்.